தேயிலைப் பெட்டிக்குள் மூன்று உயிர்கள்



இது மரித்தோரை நினைவுகூரும் மாதம். வழமையாக இந்நாள்களில் உத்தரிப்பு நிலையில் உள்ள ஆன்மாக்களைப் பற்றியோ, கல்லறைகளைச் சந்திக்கும் மரபைப் பற்றியோ உங்களுக்கு எழுதுவேன். இம்முறை எலியினத்தைச் சேர்ந்த ஒரு சிறு பிராணியைப் பற்றி எழுத வேண்டியிருக்கின்றது. சிரிக்க விரும்புவோர் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் முதன்முதலாகக் கேட்டபோது நானும் சிரித்தவன்தான்.

இதில் வரும் குடும்பத்தினர் நம்மவர்கள். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கின்றேன். எழுதி முடித்ததை முதலில் அந்தத் தாய்க்கே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "போடுங்கோ பாதர், வேறை ஆருக்கும் உதவட்டும்" என்று பதில் வந்தது. அதன் பின்னரே பதிவிடுகின்றேன்.

ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. ஞாயிறு மறையுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. "பாதர், ஒருக்கா வீட்டை வரேலுமோ? மகள் ரெண்டு நாளாச் சாப்பிடுறாள் இல்லை. டெகுவுக்கு வயித்திலை அழிஞ்சு போச்சு." டெகு என்பது மகளின் பள்ளித் தோழி யாரோ என்றெண்ணி நான் நடுங்கிப் போனேன். மகளுக்கு வயது பதின்மூன்று. "அந்தப் பிள்ளையின்ரை தாய் தகப்பனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பின்பு, "பாதர், டெகு எண்டது எலி மாதிரி ஒரு சாமான்" என்றார். அப்போதுதான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மறுமுனை கேட்டது என்பதையும் அறிவேன்.

டெகு அணிலுக்கும் எலிக்கும் இடைப்பட்ட தோற்றம் உடையது. மண்ணிற உடல், பெரிய செவிகள், நுனியில் குஞ்சம் கட்டினாற்போன்ற வால். பற்கள் செம்மஞ்சள் நிறம். அது நோயன்று, நலத்தின் அடையாளம். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், அந்தீஸ் மலைத்தொடருக்கு மேற்கே, கூட்டமாக வளை தோண்டி வாழ்வது. பகலில் விழித்திருப்பதாலும், ஓயாமல் ஒன்றோடொன்று கீச்சிட்டுப் பேசிக்கொண்டிருப்பதாலும் ஜேர்மனியில் பல வீடுகளில் இதனை விரும்பி வளர்க்கின்றார்கள். தனியாக வைத்தால் வாடிப்போகும். ஒரே வளையில் வாழும் பெண் டெகுக்கள் தம் குட்டிகளை ஒரே கூட்டில் இட்டு, எது யாருடையது என்று பாராமல் பால் கொடுக்கும் என்று வாசித்தபோது, நம்மூர் நாற்சார் வீடுகளும் அங்கே பெரியம்மா சின்னம்மாமார் மடிகளில் மாறிமாறி வளர்ந்த பிள்ளைகளும் என் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குருவானவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. இந்தப் பிராணியை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்து எழுதியவர், சிலியில் பிறந்த ஹுவான் இக்னாசியோ மோலினா என்னும் இயேசு சபைத் துறவி. 1767 இல் ஸ்பானிய மன்னர் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலுமிருந்து இயேசு சபையினரை வெளியேற்றினார். மோலினாவும் தாய்நாட்டை இழந்து இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். பொலோஞ்ஞா நகரில் இருந்துகொண்டு, தமது நாட்டின் மரங்களையும் பறவைகளையும் வளைக்குள் வாழும் சிறு உயிர்களையும் பற்றி எழுதி 1782 இல் நூலாக வெளியிட்டார். டெகு அறிவியலுக்குள் வந்தது அந்நூல் வழியாகத்தான். அவர் சிலிக்குத் திரும்பவேயில்லை. 1829 இல் பொலோஞ்ஞாவிலேயே கண்மூடினார். நாடிழந்தவனுக்கு ஊர் எலியும் அருமையானது என்பது உங்களுக்கு நான் விளக்கித் தெரிய வேண்டியதன்று.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பின் ஒரு செல்லப்பிராணிக் கடையில் இரண்டு டெகுக்களை வாங்கியிருக்கின்றார்கள். இரண்டும் பெண், அக்காவும் தங்கையும் என்று கடையில் சொன்னார்களாம். இளம் டெகுக்களில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எளிதன்று. இரண்டிலும் ஒரே மாதிரியான சிறு கூம்பு ஒன்று புறத்தே தெரியும், அதற்கும் மலவாயிலுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கொண்டுதான் தேர்ந்தவர்கள் கண்டுகொள்வார்கள். செப்டெம்பரில் ஒன்றின் வயிறு பேரிக்காய் போலப் பருத்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு போனார்கள். ஒலியலைக் கருவியில் நான்கு சிறு இதயங்கள் துடிப்பது தெரிந்தது. தங்கை எனப்பட்டது தம்பி.

தாயும் தகப்பனும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மகளோ வானத்தில் மிதந்தாள். டெகு குட்டியைச் சுமப்பது ஏறக்குறைய 90 நாள். அந்த அளவு உடலுக்கு அது நீண்ட காலம். எலியானால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். குட்டிகள் கண் திறந்தபடியே, மயிர் போர்த்தபடியே பிறக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மகள் நாள்தோறும் சமையலறைத் தராசில் தாய் டெகுவை நிறுத்து, கணக்குக் கொப்பி ஒன்றில் எழுதி வந்தாள். அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினாள். 214. 221. 229. ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதி. 268 வரை போயிருந்தது. பதினோராவது வாரத்தில் ஒரு நாள் 240 என்றிருந்தது. அதன் பின் ஒன்றுமில்லை.

இரவில் இரத்தம் போயிருக்கின்றது. விடியற்காலையில் கூட்டைத் திறந்தவள் கண்டது மூன்று குட்டிகளை. நான்காவது இல்லை. இறந்து பிறந்ததைத் தாய் தின்றுவிட்டிருந்தது. கொறித்துண்ணும் விலங்குகளில் இது நடப்பதுண்டு. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை யார் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார்கள்?

நான் போனபோது மகள் வரவேற்பறைத் தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். மடியில் ஊரிலிருந்து வந்த ஒரு தேயிலைத் தகரப் பெட்டி. தகப்பன் எனக்கு வணக்கம் சொல்லி, தேநீர் வைத்துவிட்டு, பல்கனிக் கதவருகே போய் நின்றுகொண்டார். அதிகம் பேசாத மனிதர். இரவு வேலை முடித்து உறங்காமல் நின்றார். தாய் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையின் அருகே கதிரையை இழுத்துப் போட்டு, நாற்பது ஆண்டு நெருங்கும் குருத்துவ அனுபவத்தோடு ஆறுதல் மொழியத் தொடங்கினேன்.

"அழாதை பிள்ளை. அது இளசு தானே. இன்னும் குட்டி போடும். இல்லாட்டி அப்பா வேறை வாங்கித் தருவார்."

"எனக்கு வேறை வேண்டாம்" என்றாள். பிறகு, கூட்டின் பக்கம் பாராமலே, "அது தன்ரை பிள்ளையைத் திண்டது. அது கெட்ட அம்மா" என்றாள்.

சமையலறையில் கத்தியின் ஓசை நின்றது. தாய் வாசலில் வந்து நின்றார்.

"அது கெட்ட அம்மா இல்லை."

குரல் உயரவில்லை. பின்பு அவர் என்னைப் பார்த்து, "பாதர், எனக்கும் நீங்கள் உதைத்தான் சொன்னனீங்கள்" என்றார்.

எதை என்று நான் கேட்டேன். உண்மையாகவே எனக்கு நினைவில்லை.

"'நீங்கள் இளம் ஆக்கள். ஆண்டவர் வேறை ஒண்டு தருவார்' எண்டு."

அன்பானவர்களே, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தாய்க்கு நான்காம் மாதத்தில் ஒரு கரு அழிந்தது. அப்போது நான் இந்நாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பங்கில் யாரோ சொல்லக் கேட்டு, கோவில் வாசலில் அவரைக் கண்டு, தலையில் கை வைத்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த திருமுழுக்குக்கு ஓடியிருக்கின்றேன். எனக்கு அது அரை நிமிடம். அவர் அதைப் பதினைந்து ஆண்டு சுமந்திருக்கின்றார். அதன் பின் ஓராண்டுக்கு மேல் அவர் பூசைக்கு வரவில்லை என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வேலை மாற்றம் என்று நினைத்திருந்தேன்.

அவர் அன்று சொன்னவற்றைச் சுருக்கமாகவே எழுதுகின்றேன். அப்போது அவர் ஒரு விடுதியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். தண்ணீர் வாளி தூக்கினதால் போனது என்று உறவினர் சொன்னார்கள். கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்த ஒரு மாமி, பப்பாசி தின்றாயா என்று கேட்டாராம். பிள்ளையை யாரும் அவருக்குக் காட்டவில்லை. அவருக்குக் கேட்கும் மொழியும் இல்லை, துணிவும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது தொட்டிலுக்கென வாங்கிய துணியை யாரோ எடுத்து ஒளித்து வைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான். அதன் பின் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மகள் அதுவரை இதைக் கேள்விப்பட்டதில்லை. தாய் சொல்லி முடித்ததும் அவள் கேட்ட கேள்விக்கு என் இறையியலில் பதில் இருக்கவில்லை. "அப்ப நான்தான் அந்த வேறை ஒண்டோ?"

தாய் தரையில் அவளருகே அமர்ந்தார். "இல்லை. நீ நீதான். அது அது." வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதிரையில் இருக்கக் கூசியது. நானும் இறங்கித் தரையில் அமர்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் என்ன செய்யிறது பாதர், எல்லாரும் அப்பிடித்தானே சொன்னவை" என்றார். மன்னித்ததாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பிற்பகல், மகள் தன் பெட்டிக்கு ஒரு செபம் வேண்டும் என்றாள். அம்பிட்டிய குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தது நினைவுக்கு வந்தது: விலங்குக்கும் ஆன்மா உண்டு, ஆனால் அது உடலோடு தோன்றி உடலோடு முடிவது என்பார் புனித தோமா அக்குவினார். தேர்வில் இதை எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். தேயிலைப் பெட்டியோடு நிற்கும் பிள்ளைக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. அடக்கச் சடங்கு செய்ய இயலாது, அது மனிதருக்குரியது என்று மட்டும் சொன்னேன். விலங்குகளுக்கு ஆசி வழங்கும் செபம் திருச்சபையில் உண்டு என்பதையும் சொன்னேன். அவர்களுடையது மாடி வீடு, நிலமில்லை. ஆதலால் பங்கு இல்லத்தின் பின்புறத் தோட்டத்துக்கு வந்தார்கள். இந்நாட்டு விதிப்படி அரை மீற்றர் மண் மூடும் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். இடுப்பு வலியோடு பாதி தோண்டினேன். மீதியைத் தகப்பன் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தோண்டினார். தேவைக்கும் அதிகமாகவே தோண்டினார்.

பெட்டியை மூடுமுன் நான் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் சுட்டுவிரல் அளவு. விரல்களும் நகங்களும்கூட வந்திருந்தன. இவற்றைப் படைத்ததற்காகவும், ஒரு பிள்ளை இவற்றை நேசித்ததற்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் செபித்தேன். "நாலாவதுக்கும்" என்றாள் மகள். நான்காவதுக்கும் செபித்தேன்.

திங்கட்கிழமை தாய் டெகுவை மீண்டும் வைத்தியரிடம் காட்ட வேண்டியிருந்தது. தகப்பனுக்கு வேலை. நானே காரில் அழைத்துப் போனேன். மடியில் துணி போர்த்த கூட்டோடு மகள் பின்னிருக்கையில். வைத்தியர் நடுத்தர வயதுப் பெண். சிறு விலங்குகளில் தேர்ந்தவர். மகள் ஜேர்மன் மொழியில் அவரிடம் முதலில் கேட்டது: "நான்தான் காரணமா?" உலர்ந்த முந்திரிகை இரண்டு கொடுத்திருக்கின்றாள். ஒரு நாள் காணொளி எடுப்பதற்காகத் தூக்கியிருக்கின்றாள். நாள்தோறும் தராசில் வைத்திருக்கின்றாள். இவற்றையெல்லாம் பாவசங்கீர்த்தனம் போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் அருகில் இருந்த தாய், வாளி தூக்கிய தாய், தலையைக் குனிந்துகொண்டார்.

வைத்தியர் அவசரப்படாமல் பதில் சொன்னார். முந்திரிகை டெகுவுக்கு ஆகாதுதான். அவற்றுக்கு எளிதில் நீரிழிவு வரும், இனிப்பே கொடுக்கக் கூடாது. ஆனால் இரண்டு முந்திரிகையால் கரு அழியாது. இளந்தாய், முதற்கரு, உடன்பிறப்போடு சேர்ந்ததில் உண்டான கரு. தொற்றும் காரணமாகலாம், வளர்ச்சிக் குறையும் காரணமாகலாம். பல வேளைகளில் காரணம் கண்டறியவே முடிவதில்லை. நிறுத்து எழுதி வந்ததால்தான் எடை குறைந்ததை உடனே கண்டு கொண்டு வர முடிந்தது, அதுவே தாயைக் காப்பாற்றியது என்றார். தின்றதைப் பற்றியும் சொன்னார்: இரத்த வாடை வந்தால் பகை விலங்கு வளையைத் தேடி வரும்; கூட்டைச் சுத்தமாக வைத்திருக்க அதன் உடல் அறிந்த வழி அது. வெறுப்பு அதில் இல்லை. மகள் அதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். திரும்பும் வழியில் துணியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். அதுதான் தொடக்கம்.

இப்பிராணியை வளர்க்கும் வீடுகள் நம்மிடையே வேறும் இருக்கலாம் என்பதால், அன்று கேட்டறிந்த சிலவற்றை எழுதிவிடுகின்றேன். வாங்கிய உடனேயே ஆண் பெண் எது என்று தேர்ந்த வைத்தியரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஆணுக்கு விதை நீக்கினாலும் அடுத்த ஆறு வாரமளவு அதனால் கருத்தரிப்பிக்க முடியும். அதுவரை பிரித்து வையுங்கள். ஆனால் முற்றாகப் பிரித்துவிட்டால் ஒன்றின் வாடையை மற்றது மறந்து, பின்பு சேர்க்கும்போது கடித்துக்கொள்ளும். நடுவே கம்பி வலை இருக்கட்டும், குரலும் வாடையும் போய் வரட்டும். சினையாக இருக்கும் டெகுவில் இரத்தம் கண்டால் காலை வரை காத்திராதீர்கள். உள்ளே ஒரு குட்டி தங்கிவிட்டால் தாயும் போய்விடும். கரு அழிந்த பின் நல்ல உலர்புல், நீர், அமைதி, இளஞ்சூடு. தின்கின்றதா, எச்சம் போடுகின்றதா என்று கவனிப்பு. வாலைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

மனிதருக்கு வருகின்றேன். மருத்துவர்கள் சொல்வது, கருத்தரித்தது தெரிந்த பின்னும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது கருக்கள் இயல்பாகவே அழிந்துவிடுகின்றன. தொடக்க வாரங்களில் நிகழ்வனவற்றில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உருவாகும்போதே நிறமூர்த்தங்களில் நேரும் பிழைதான் காரணம். அதில் வாளிக்கும் பங்கில்லை, மாமியின் பப்பாசிக்கும் பங்கில்லை. அப்படியானால் நம் பங்கில், ஞாயிறுதோறும் என் முன்னே அமர்ந்திருக்கும் தாய்மாரில் எத்தனை பேர்? நான் எத்தனை பேர் தலையில் கை வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கின்றேன்? எண்ணிப் பார்க்க அஞ்சுகின்றேன். உங்களில் யாருக்கேனும் சொல்லியிருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். கோபத்தோடு வந்தாலும் நல்லது.

ஒரு செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கே இவ்வளவு காலம் சரியாகத் தெரியாமல் இருந்தது. இவ்வாறு போன பிள்ளைகளை இந்நாட்டவர் 'ஸ்டேர்னன்கிண்டர்', அதாவது நட்சத்திரக் குழந்தைகள் என்கின்றார்கள். முன்பு 500 கிராமுக்குக் குறைந்த எடையில் இறந்து பிறந்த பிள்ளைக்கு அரச பதிவில் இடமே இல்லை. 2013 மே மாதம் முதல், பெற்றோர் விரும்பினால் 'ஸ்டாண்டெஸ்அம்ட்' என்னும் பதிவு அலுவலகத்தில் பிள்ளையின் பெயரோடு ஒரு சான்றிதழ் பெறலாம். அதற்கு முன்பு நடந்ததானாலும் பெறலாம். கால எல்லை இல்லை. 2025 ஜூன் முதல், பதின்மூன்றாம் வாரத்திலிருந்து பிள்ளையை இழக்கும் தாய்மாருக்கு மகப்பேற்றுப் பாதுகாப்பு விடுப்பும் உண்டு. பல நகரக் கல்லறைகளில் இக்குழந்தைகளுக்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றார்கள். திருமுழுக்குப் பெறாமல் போனதே என்று மனம் வருந்துவோருக்கு: அப்பிள்ளைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கின்றது நமது மறைக்கல்வி நூல். அவர்களது மீட்பை நம்பிக்கையோடு எதிர்நோக்கலாம் என்று 2007 இல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு விரிவாகவே எழுதியிருக்கின்றது. கெட்டவர் வாசலில் பூட்டிய கதவைத் தேடாதீர்கள் என்று என் அம்மா சொல்வது போல, நல்லவர் வாசலிலும் தேட வேண்டாம்.

இதை அந்தத் தாயிடம் சொன்னபோது அவர் எழுந்து போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்தார். 'முட்டர்பாஸ்' என்னும் அந்தக் கர்ப்பகாலக் கையேடு. பதினைந்து ஆண்டு. நான்கு வீடு மாறியிருக்கின்றார்கள். பதிவு அலுவலகத்துக்கு அவர் போவாரோ மாட்டாரோ, அது அவர் விருப்பம். நான் கேட்கவில்லை.

நவம்பர் 2ஆம் திகதித் திருப்பலிக்கு நீங்கள் தரும் மரித்தோர் பட்டியல்களை, உங்களுக்குத் தெரியும், நான் ஒரு பெயர் விடாமல் வாசிப்பவன். நேரம் போகின்றது என்று சிலர் முணுமுணுப்பதும் என் காதில் விழாமல் இல்லை. அந்தக் குடும்பத்தின் உறை ஆண்டுதோறும் மூன்று பெயர்களோடு வரும்: தாயின் தகப்பனார், தகப்பனின் தாயார், போரில் இறந்த ஒரு தம்பி. இம்முறை நான்காவது வரி ஒன்று இருந்தது. மகளின் கையெழுத்து, ஊதா நிற மையில். முன்பே அவர்கள் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்திருக்கின்றார்கள்; அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பெயரை வாசித்தேன். பின்வரிசையில் இருந்த தகப்பன் எழுந்து வெளியே போனார். நன்மை கொடுக்கும் நேரத்தில்தான் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார், சட்டைக் கழுத்துப்பட்டி நனைந்திருந்தது.